மாடிக்குக் கார்பெட்டா, லமினேட்டா? ரோலை வைத்து ஒரு கணக்கு

கனடாவில் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரத்திலோ வீடு வாங்கும் எங்கள் சனம் முதல் வேலையாகப் பழைய கார்பெட்டைக் கிளப்பி எறிகிறது. நாங்களும் எறிந்தோம். ஆனால் மாடி அறைகளுக்கும் படிக்கட்டுக்கும் திரும்பக் கார்பெட்டே போட்டோம். “கார்பெட்டோ? இந்தக் காலத்தில ஆர் போடுறாங்கள்?” என்று மச்சான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் வீடு முழுக்க லமினேட், அதாவது வரிசையாகப் பொருத்தும் செயற்கைப் பலகை. எனவே இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். கார்பெட் காலுக்கு இதம், குளிர்காலத்தில் தரை சில்லிடாது, மாடியில் பிள்ளைகள் ஓடினால் கீழே இடி விழுவதில்லை. தூசு பிடிக்கும், மஞ்சள் பட்டால் போகாது, இழுப்பு உள்ளவர்கள் உள்ள வீட்டில் யோசிக்க வேண்டும். லமினேட்டைத் துடைத்தால் போதும், பார்க்கவும் மரம்போல இருக்கும். குசினி, குளியலறை இரண்டிலும் கார்பெட் பேச்சுக்கே இடமில்லை. பேஸ்மென்டில் கொங்கிரீட்டின் ஈரம் மேலே வரும் என்பதால் அங்கே வைனல் பலகைதான் போட்டோம்.

இனி விலை. கடையில் சதுர அடி விலை பளிச்சென்று எழுதியிருக்கும். அறையின் நீள அகலத்தைப் பெருக்கி, பத்து வீதம் கூட்டி, விலையால் பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். லமினேட்டுக்கு அது சரி. ஒரு வரிசையின் முடிவில் வெட்டிய துண்டு அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குப் போய்விடுவதால் கழிவு குறைவு. கார்பெட்டுக்கு அது சரிவராது. கார்பெட் ரோலாக வருகிறது. இங்கே பெரும்பாலான ரோல்களின் அகலம் 12 அடி, சில ரகங்கள் 15 அடியிலும் கிடைக்கும். (லண்டனில் இருப்பவர்கள் 4 மீட்டர், 5 மீட்டர் என்று வைத்து இதே கணக்கைப் போடலாம்.) உங்கள் அறை பத்தடி அகலமானாலும் ரோலிலிருந்து வெட்டுவது முழுப் பன்னிரண்டு அடிதான். மிச்சம் இரண்டடிக்கும் காசு உங்களுடையது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கார்பெட்டின் இழை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் முரண்டு பிடிக்கும். மூட்டு வரும் இடங்களிலும், அறையும் ஹோலும் (அறைகளுக்கு வெளியே உள்ள நடைவழி) சந்திக்கும் வாசலிலும் இந்தச் சாய்வு ஒரே திசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கார்பெட் இரண்டு நிறம்போலத் தெரியும். அதனால் மிஞ்சிய துண்டை விருப்பத்துக்குத் திருப்பிப்போட்டு மிச்சம் பிடிக்க முடியாது.

எங்கள் மாடிக் கணக்கைக் கொஞ்சம் நேராக்கித் தருகிறேன். பெரிய அறை 14 அடி 6 அங்குலத்துக்கு 11 அடி 6 அங்குலம். இரண்டாவது 11க்கு 10. மூன்றாவது 10க்கு 9. ஹோல் 11 அடி 6 அங்குல நீளம், 3 அடி 6 அங்குல அகலம். மூன்றடி அகலத்தில் 13 படிகள். படியின் மிதிபலகையும் நிற்கும் பலகையும் சேர்த்து 17½ அங்குலம். எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 464 சதுர அடி. பத்து வீதம் சேர்த்தால் 510.

இப்போது ரோலில் பாருங்கள். சுவரோரம் இழுத்து வெட்டுவதற்கு ஒவ்வொரு அளவிலும் 3 அங்குலம் கூட வேண்டும். பெரிய அறைக்கு ரோலிலிருந்து 14 அடி 9 அங்குலம், அடுத்ததற்கு 10 அடி 3, மூன்றாவதற்கு 9 அடி 3, ஹோலைக் குறுக்காகப் போட்டால் 3 அடி 9. படிக்கட்டுக்குப் பலகையின் மூக்கு வளைவையும் வெட்டுக்கழிவையும் சேர்த்து ஒரு படிக்கு 20 அங்குல நீளம், 39 அங்குல அகலம் எடுக்க வேண்டும். 12 அடி அகலத்தில் பக்கம் பக்கமாக மூன்று பட்டிதான் கிடைக்கும். பட்டிக்கு ஐந்து படி என்றால் 8 அடி 4 அங்குலம். எல்லாம் சேர்த்து 46 அடி 4 அங்குல ரோல். பன்னிரண்டால் பெருக்க 556 சதுர அடி. சதுர யார்டில் விற்கும் கடை என்றால் ஒன்பதால் வகுத்து 62 என்று கொள்ளுங்கள். குளோசெட்டுகளுக்கு ஓரத்தில் மிஞ்சிய துண்டுகளே போதும்.

ஆக, பத்து வீதம் என்று நம்பி 510 வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட நாலடி ரோல் பற்றாமல் போயிருக்கும். பிறகு போய் வாங்கும் துண்டு வேறு சாயத் தொகுதியிலிருந்து, அதாவது வேறொரு தடவை சாயமேற்றியதிலிருந்து, வந்தால் நிறம் ஒத்துவராது. பூ, கோடு போட்ட ரகம் என்றால் வடிவம் பொருந்துவதற்கு இன்னும் கூடுதலாக வெட்ட வேண்டும். நாங்கள் வெறும் நிறத்தில் எடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

படிக்கட்டைத் தனியாகப் பார்த்தால் பகீரென்றிருக்கும். உண்மையான பரப்பு 57 சதுர அடி, வாங்குவதோ 100. வீட்டிலேயே அதிகம் வீணாவது அங்கேதான். இழை கீழ்நோக்கிச் சாய வேண்டும் என்பதால் பட்டியைத் திருப்பவும் வழியில்லை. அப்படியிருந்தும் என்னைக் கார்பெட் பக்கம் தள்ளியது இந்தப் படிக்கட்டுத்தான்.

காரணம் லமினேட்டுக்குப் படி எப்படி விலை பேசப்படுகிறது என்பது. அங்கே சதுர அடிக் கணக்கு இல்லை, படிக்கு இவ்வளவு. ஒவ்வொரு படிக்கும் மூக்குப் பட்டி தனியாக வாங்க வேண்டும், மிதிபலகையையும் நிற்கும் பலகையையும் தனித்தனியே வெட்டி ஒட்ட வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட விலைகளை முழு எண்ணாக்கி எழுதுகிறேன். உங்கள் ஊரில், உங்கள் ரகத்தில் மாறும். கார்பெட், லமினேட் இரண்டும் சதுர அடி 2.50 டொலர். கார்பெட்டுக்கு அடியில் போடும் மெத்தை (அண்டர்பாட்) 0.80, லமினேட்டின் அடித்தாள் 0.50. கார்பெட் கூலி 0.90, படிக்கு மேலதிகமாக 10. லமினேட் கூலி 2.00, பொருளும் கூலியும் சேர்த்துப் படி ஒன்றுக்கு 80.

அறைகளுக்கும் ஹோலுக்கும் மட்டும் கார்பெட் 456 சதுர அடி, அண்டர்பாட் 420. அண்டர்பாட்டுக்கு இழைச் சாய்வு இல்லை, துண்டு துண்டாகப் போடலாம், அதனால் கழிவும் சொற்பம். மொத்தம் 1,886 டொலர். லமினேட்டுக்கு 407 சதுர அடிப் பரப்புக்கு 440 வாங்கினால் (கூலி 407க்குத்தான்) எல்லாம் சேர்த்து 2,134. பெரிய வித்தியாசம் இல்லை. படிக்கட்டைச் சேர்த்தவுடன் கார்பெட்டுக்கு 518 (அண்டர்பாட் 60 சதுர அடி) கூடுகிறது, லமினேட்டுக்கு 1,040. மொத்தம் 2,404க்கு எதிராக 3,174. ஒன்டாரியோவின் 13 வீத விற்பனை வரியான எச்எஸ்டியையும் போட்டால் 2,717க்கு 3,587. பழையதைக் கிளப்பும் கூலி, சுவரடிப் பலகையின் (பேஸ்போர்ட்) அடியில் அடிக்கும் சிறு சட்டங்கள் இவற்றை நான் சேர்க்கவில்லை. சட்டங்கள் லமினேட்டுக்குத்தான் தேவைப்படும்.

15 அடி ரோலை எப்போது கேட்க வேண்டும்? அறையின் இரண்டு பக்கமும் 12 அடியைத் தாண்டினால். உதாரணமாக 14க்கு 12½ அறை. 12 அடி ரோலில் நீளமாக ஒன்பது அங்குலப் பட்டி ஒன்றை ஒட்டவேண்டி வரும். அதற்காக வெட்டும் ரோல் ஒரு பக்கம், வெளிச்சத்தில் தெரியும் மூட்டு மறுபக்கம். 15 அடி ரோலில் ஏறக்குறைய 191 சதுர அடியோடு மூட்டே இல்லாமல் முடிந்துவிடும். அதற்காக வீடு முழுக்க 15 அடி கேட்காதீர்கள், சிறிய அறைகளில் கழிவு ஏறும்.

கார்பெட் டைலையும் பார்த்தோம். அரை மீட்டர்ச் சதுரங்கள், கழிவு சொற்பம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். கணக்கில் அதுதான் கெட்டிக்காரன். ஆனால் படுக்கையறை அலுவலகம்போல ஆகிவிடும் என்று மனைவி சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் போட்டவர் எவரையும் எனக்குப் பழக்கமில்லை. அதனால் அதைப்பற்றி இதற்குமேல் அடித்துச் சொல்ல வரமாட்டேன்.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பதிலும் என் அனுபவம் சிறிது. எங்களுடையது பொலியெஸ்டர் ரகம். அறைகளுக்குள் இன்னும் புதிதுபோல இருக்கிறது, படியின் மூக்கில் மட்டும் இழை கொஞ்சம் படுத்துவிட்டது. படிக்கு நைலோன் போட்டால் நிமிர்ந்து நிற்கும் என்பார்கள்; அதற்கு விலை கூட. மச்சானின் லமினேட் எங்கள் கார்பெட்டைவிட நீண்டகாலம் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டை விற்கும்போதும் வாங்குபவர்கள் அவர் பக்கம்தான் சாய்வார்கள்.

விலை கேட்கப் போகும்போது சதுர அடி விலையோடு திரும்பி வராதீர்கள். ரோலில் எத்தனை அடி வெட்டுகிறீர்கள், மூட்டு எங்கே வருகிறது, படிக்கட்டு இதற்குள் அடங்குமா என்று கேட்டு, வெட்டும் படத்தைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அளவெடுக்க வருபவர் கதவு வாசலின் நடுவரைக்கும், குளோசெட்டின் பின்சுவர் வரைக்கும் நாடாவைப் பிடிக்கிறாரா என்றும் பாருங்கள். சாயத் தொகுதி ஒன்றுதான் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

படியே இல்லாத கொண்டோ (அடுக்குமாடி வீடு) அல்லது ஒற்றைத்தள பங்களா என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். 248 டொலர் மிச்சத்துக்காக அங்கே கார்பெட் போடச் சொல்ல எனக்கே மனம் வராது.