புது ரேடியேட்டரை அலசவே இல்லை, அலசியதாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

கம்ப்யூட்டருக்குத் தனியாக வாட்டர் கூலிங் போட நினைப்பவர்கள், அதிலும் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். பெயரைவிட அவர்கள் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வேலை செய்வது மாடி அறையில். வேலூர் வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மார்ச் பிறந்துவிட்டால் ஏசி இல்லாமல் அந்த அறையில் மனிதனும் இருக்க முடியாது, மெஷினும் இருக்க முடியாது. என்னுடைய பிராசசர் ரைசன் 9 5900எக்ஸ். 12 கோர், ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றக் கொடுத்தால், மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். அதனால் ஜனவரி கடைசியில், தை முகூர்த்தக் காசு கைக்கு வந்ததும், 62,000 ரூபாய்க்கு ஒரு லூப், அதாவது பிராசசரின் சூட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் சுற்றிவரும் அமைப்பு, போடக் கொடுத்தேன். தண்ணீரின் சூட்டை வெளியே விட 360 மி.மீ. அளவில் ஒன்று, 240 மி.மீ. அளவில் ஒன்று என இரண்டு செம்பு ரேடியேட்டர், அக்ரிலிக் குழாய், பம்ப், ரிசர்வாயர், பிராசசருக்கு ஒரு வாட்டர் பிளாக், நீல நிறக் கூலண்ட். பில்லில் தனி வரியாக 'ரேடியேட்டர் ஃபிளஷிங், லீக் டெஸ்ட், ஃபில்லிங் - 4,500' என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்துத்தான் அந்தக் கடையையே தேர்ந்தெடுத்தேன். மெஷினை எடுக்கப் போனபோதும், "அண்ணா, ரேடியேட்டரை நல்லா அலசிட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "அதெல்லாம் பக்காவா பண்ணியாச்சு சார், நீங்க எடுத்துட்டுப் போய் வேலையப் பாருங்க" என்றார்.

முதல் ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. ரெண்டரில் 68 டிகிரி. அப்புறம் 72, 75 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வெயில் ஏறுகிறது, கூடவே இதுவும் ஏறுகிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் 89ஐத் தொட்டது. இந்தப் பிராசசருக்கு 90தான் உச்சவரம்பு, அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய ரெண்டர் ஐந்து மணி நேரம் இழுத்தது. நீலமாக இருந்த கூலண்ட் பாசிக்குளம் மாதிரிப் பச்சையாகிவிட்டது. இரண்டு கல்யாண ஆல்பங்களைச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை, ஒரு வீட்டில் பாக்கிப் பணத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் பதில்: "வேலூர் வெயில் சார், நாங்க என்ன பண்ண முடியும்?"

இதை நம்பாதீர்கள். கூலண்டின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் என் லூப்பில் இருக்கிறது. ஜனவரியில் பிராசசர் 68, தண்ணீர் 33, இடைவெளி 35 டிகிரி. ஏப்ரலில் ஏசி ஓடும்போதே பிராசசர் 89, தண்ணீர் 37, இடைவெளி 52. அறை சூடுதான் காரணம் என்றால் தண்ணீரும் பிராசசரும் ஒரே அளவு ஏறியிருக்க வேண்டும். தண்ணீர் நாலு டிகிரி ஏறி, பிராசசர் 21 டிகிரி ஏறினால் அதற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சூடு பிராசசரிலிருந்து தண்ணீருக்குப் போகிற இடத்தில், அதாவது வாட்டர் பிளாக் பக்கம், ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் லூப்பில் வேறு எது இல்லாவிட்டாலும் இந்தச் சென்சாரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரரிடம் பேச அதுதான் ஒரே சாட்சி.

இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "குழாயிலிருந்து கசியுற பசை சார், எல்லா லூப்லயும் வர்றதுதான்" என்றார்கள். வளையக்கூடிய மென்மையான பிவிசி குழாயில் அப்படி வருவது உண்மை, அதை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கரைந்து வெள்ளையாக மெழுகுபோலப் படியும். ஆனால் என்னுடையது கெட்டி அக்ரிலிக், அதை விற்றதே அவர்கள்தான். அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நானே பிரித்தேன். பிளாக்கின் அடியில் செம்பில் சீவிய மெல்லிய இதழ்கள் வரிசையாக இருக்கும், அவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவு. தண்ணீர் அந்தச் சந்துகள் வழியாகத்தான் ஓட வேண்டும். அவ்வளவு குறுகலான இடம் லூப்பில் வேறெங்கும் கிடையாது, எனவே எங்கிருந்து குப்பை வந்தாலும் கடைசியில் வடிகட்டி மாதிரி அங்கேதான் நிற்கும். பாதிக்கு மேல் சந்துகளில் பச்சையும் பழுப்பும் கலந்த பசை, நடுநடுவே ரவை அளவில் ஈயப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தது.

ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரம் லாரி ரேடியேட்டர் பற்றவைக்கும் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் பாயை எனக்கு முன்பே தெரியும், என் பழைய காருக்கு அவர்தான் செய்து கொடுத்தார். கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளங்கையில் விழுந்த சொட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, பத்த வச்சதுக்கப்புறம் இத்த யாரும் கழுவவே இல்லியே. நாங்க ஒரு ஓட்டைய அடைச்சாலே மூணு தடவ சுடுதண்ணி வுட்டு அலசாம வண்டில மாட்ட மாட்டோம். ஆசிட்டு உள்ளயே இருந்தா அரிச்சிரும்ல?"

விஷயம் இவ்வளவுதான். செம்பு, பித்தளையில் ஈயம் ஒட்ட வேண்டுமானால் முதலில் அதன் மேலுள்ள களிம்பை எடுக்க வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் நவச்சாரம் போடுவார்கள், பாய் பட்டறையில் ஆசிட்டில் துத்தநாகத் துண்டைக் கரைத்து வைத்திருப்பார்கள், தொழிற்சாலையில் ஃபிளக்ஸ் என்று ஒன்றைப் போடுகிறார்கள். வேலை ஒன்றேதான். பற்றவைத்து முடித்த பிறகு அந்த ஃபிளக்ஸின் மிச்சமும், சிதறிய ஈயக் குருணையும், மரை வெட்டியபோது விழுந்த உலோகச் சீவலும் ரேடியேட்டரின் உள்ளே தங்கிவிடுகின்றன. வெளியே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே இவை இருக்கலாம். கூலண்ட் ஊற்றியதும் மிச்ச ஃபிளக்ஸ் கரைந்து தண்ணீரை அமிலமாக்கும், அரிப்பைத் தடுக்கக் கூலண்டில் சேர்த்திருக்கும் மருந்தைத் தின்றுவிடும், சாயம் திரியும், செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சையாக வரும். என் ரேடியேட்டர் வந்த பெட்டிக்குள் இருந்த தாளிலேயே பயன்படுத்தும் முன் அலசச் சொல்லி எழுதியிருந்தது. கடைக்காரர் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது.

இப்போது நான் அலசியதைச் சொல்கிறேன், இதற்கு ஒரு பெரிய வித்தையும் வேண்டாம். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும், நான் நான்கு கேன் வாங்கினேன். கேனை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100க்கு மேல் காட்டுகிறது, பாலாற்றுப் பக்கம் பல வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ரேடியேட்டருக்குள் கடைசி அலசலாக விட்டால் ஒரு குப்பையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த மாதிரி ஆகிவிடும். டிஸ்டில்டு வாட்டரை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொண்டேன், கொதிக்கவிடவில்லை. ரேடியேட்டரில் பாதிக்கு மேல் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு, எல்லாத் துளைகளையும் மரை மூடியால் இறுக்கி, நீளவாக்கிலும் குறுக்கிலும் ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கினேன். மூடியைத் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், நேராக முகத்தில் அடிக்கும். வெளியே வருகிற தண்ணீரை வெள்ளை பக்கெட்டின் வாயில் கட்டிய பழைய வேட்டித் துணி மேல் ஊற்றினேன்.

மூன்று மாதம் கூலண்ட் ஓடிய பிறகும் முதல் தடவை வந்தது கலங்கல், கடுகு அளவில் ஒரு ஈய உருண்டை, மினுமினுவென்று சீவல்கள். 360க்கு ஒன்பது தடவை ஆனது, 240க்கு ஆறு. துணியில் ஒரு புள்ளிகூட விழாமல், உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்த தண்ணீரும் டிடிஎஸ் மீட்டரில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்வரை நிறுத்தவில்லை. வினிகர் கலந்து அலசுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அதைத் தொடவில்லை. அதுவும் அமிலம்தான், அதிக நேரம் விட்டாலோ கடைசியில் சரியாகக் கழுவாவிட்டாலோ மறுபடியும் அதே கதைதான். வாட்டர் பிளாக்கை மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பூட்டினேன். வேலை முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுக் கூலண்ட், தண்ணீர், மற்ற சாமான்கள் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் போனது. இப்போது மே மாதக் கத்திரி வெயிலில், ஏசி போட்டு, ரெண்டரில் 71 டிகிரி.

அந்தத் துணியை அப்படியே காயவைத்து ஒரு கவரில் போட்டுக் கடைக்கு நேரில் எடுத்துப் போனேன். துணியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பையன் மறைக்காமல் சொன்னான்: "அண்ணா, நீங்கதான் டெலிவரிக்கு நேரமாச்சு, ஒரு தடவ ஓட்டிப் பாத்து லீக் இல்லன்னா குடுத்துடுன்னீங்க." அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. செய்யாத வேலையைப் பில்லில் எழுதிக் காசு வாங்கியவர் மேல்தான் கோபம். 4,500ஐத் திருப்பிக் கேட்டேன். "அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம் சார்" என்கிறார். அந்தக் கடையில் அடுத்த சர்வீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லின் நகலோடு எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நீங்கள் கடையில் கொடுப்பதாக இருந்தால், ரேடியேட்டரை அலசும்போது நான் கூட இருப்பேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் முதல் தண்ணீரையும் கடைசித் தண்ணீரையும் இரண்டு வெள்ளை டம்ளரில் ஊற்றி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தண்ணீரில் அலசினார்கள் என்று கேளுங்கள், 'ஆர்ஓ தண்ணி' என்று சொன்னால் கடைசி அலசல் டிஸ்டில்டில் வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள். ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். விலை குறைவாக இருக்கிறதென்று அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு ஒரே லூப்பில் சேர்த்தால், இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்று அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிடும். அதை எத்தனை தடவை அலசினாலும் சரிசெய்ய முடியாது.

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் யாராவது புது ரேடியேட்டர் வாங்கி வைத்திருந்தால் மாட்டுவதற்கு முன் சொல்லுங்கள். என்னிடம் டிடிஎஸ் மீட்டரும், கால் அங்குல மரை மூடிகள் நான்கும் இருக்கின்றன, முக்கால் கேன் தண்ணீரும் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் சேர்ந்தே அலசிவிடலாம்.