மனித சிசிஎல்2 எலைசா கிட்: தண்டுவட நீருக்குச் சரி, மூளைத் திசுவுக்கு வேலை அதிகம்

சிசிஆர்2 ஏற்பி கொண்ட மோனோசைட்டுகளை (ஒருவகை வெள்ளையணுக்கள்) ரத்தத்திலிருந்து மூளைக்குள் இழுத்துவரும் கீமோகைன், அதாவது செல்களை அழைக்கும் புரதம்தான் சிசிஎல்2. இந்த எலைசா கிட் அதை ஆன்டிபாடியால் பிடித்து, எழும் நிறத்தை வைத்து 15.6 முதல் 1000 பிகோகிராம்/மிலி வரை அளக்கும். பிளேட்டில் ஆன்டிபாடி பூசியே வருவதால் ஒரு ராத்திரி வேலை மிச்சம். 96 குழிகளில் ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) வெற்றுக் குழிகளும் இரட்டையாக 16 எடுத்துக்கொள்ளும். மீதியில் 40 மாதிரிகளை இரட்டையாக ஓட்டலாம்.

சொதப்பல் பெரும்பாலும் ஸ்டாண்டர்டில்தான். அதன் தூளில் நீர் விட்டதும் வோர்ட்டெக்ஸில் (வேகமாகக் குலுக்கும் கருவி) வைக்காதீர்கள். 15 நிமிடம் விட்டு, மெதுவாகச் சுழற்றுங்கள். முழுக்கக் கரையாவிட்டால் ஸ்டாண்டர்டின் உண்மையான அளவு லேபிளில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் எல்லா மாதிரிகளும் பொய்யாக உயர்ந்து தெரியும். கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் நிறத்தை எழுப்பும் எச்ஆர்பி என்சைம் முடங்கும், நிறமே எழாது. வினையை நிறுத்த அமிலம் விட்டபின் மஞ்சளுக்கு நடுவே பச்சைத் திட்டு தெரிந்தால் கரைசல் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். பிளேட்டின் ஓரத்தை லேசாகத் தட்டிவிட்டு 450 நானோமீட்டரில் படியுங்கள், 540-இல் வரும் எண்ணை அதிலிருந்து கழியுங்கள்.

தண்டுவட நீருக்குக் கிட் நன்றாகவே உழைக்கிறது. 120 மைக்ரோலிட்டரை அதே அளவு நீர்ப்பியுடன் (நீர்க்கச் செய்யும் கரைசல்) கலந்தால் இரண்டு குழிக்குப் போதும். கூடவே பிளாஸ்மாவும் எடுப்பதானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட குழாய்தான். கீமோகைன்கள் இன்னொரு உறைவுத் தடுப்பானான ஹெப்பாரினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுக்களின் மேலுள்ள ஏசிகேஆர்1 என்ற ஏற்பி சிசிஎல்2-ஐப் பிடித்து வைத்திருப்பதால், சிவந்துபோன மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது.

மூளைத் திசு என்றால் கைவேலை கூடுகிறது. கையேடோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, இது பெரிய குறை. எஸ்டிஎஸ் என்ற கடுமையான சோப்புப் பொருள் கலந்த பஃபர் ஆன்டிபாடிப் பிணைப்பைக் கெடுக்கும்; 1% ட்ரைட்டன் என்ற மென்மையான சோப்புப் பொருளும் புரோட்டியேஸ் தடுப்பானும் சேர்த்த பஃபரில் அரைத்து, குறைந்தது ஐந்து மடங்கு நீர்க்க வேண்டும். தெரிந்த அளவு ஸ்டாண்டர்டை மாதிரியில் சேர்த்துப் பாருங்கள்: 80 முதல் 120% திரும்பக் கிடைக்காவிட்டால் அந்த எண்களை நம்பாதீர்கள். சுண்டெலி மூளைக்கு இது உதவாது, தனிக் கிட் வேண்டும்.

இன்னொன்று. எண் குறைந்தால் அழற்சி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நரம்புகளின் உறையைச் சிதைக்கும் அழற்சி நோயான மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் தீவிரமாகும்போது தண்டுவட நீரில் சிசிஎல்2 குறைவதுண்டு. உள்ளே நுழையும் செல்களே அதை உறிஞ்சிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். மூளைச் செல்களில் ஆஸ்ட்ரோசைட் சுரந்ததா, மைக்ரோகிளியா சுரந்ததா என்பதையும் இந்தக் கிட் சொல்லாது.

வாங்குவதானால் ஆய்வு முழுமைக்கும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்கிவிடுங்கள்.