98.67 சதவீதம்: இறுதியாண்டு புராஜெக்டில் நாங்கள் ஏமாந்த விதம்

கணினி அறிவியல் பொறியியல் இறுதியாண்டில் இருப்பவர்கள், புராஜெக்டை வெளியே ஓரிடத்தில் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் அப்படி ஓரிடத்தை நம்பிப் பணம் கட்டி, வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளர் முன் பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

ஏழாம் பருவம் முழுவதும் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்குத் தயாராவதிலேயே கழிந்துவிட்டது. புராஜெக்டின் முதல் ரிவ்யூ நெருங்கியபோது எங்கள் கையில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பதற்றத்தில்தான் அந்த நிறுவனத்தை அணுகினோம். நிரலை உங்களுக்காகவே புதிதாக எழுதுவோம், வரிவரியாகச் சொல்லிக்கொடுப்போம், அறிக்கையும் விளக்கப் படங்களும் சேர்த்துத் தருவோம் என்று உறுதியளித்தார்கள். பத்து வகுப்புகள் என்று பேச்சு. நடந்தது ஒன்று, அதுவும் முக்கால் மணி நேரம்.

மார்பகக் கட்டிகளைப் புற்றுநோய் உள்ளவை, தீங்கற்றவை என்று இயந்திரக் கற்றல் மூலம் வகைப்படுத்துவதே எங்கள் தலைப்பு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பட்ட, பலரும் பயன்படுத்தும் பொதுத் தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் 569 கட்டிகளின் விவரங்கள் உள்ளன. ஊசி மூலம் எடுத்த செல்களின் உட்கருக்களை அளந்து பெற்ற 30 எண்கள் ஒவ்வொரு கட்டிக்கும் இருக்கின்றன. நிரலை ஓட்டியதும் திரையில் 'பயிற்சி நடைபெறுகிறது' என்று வந்தது. சில நொடிகள் கழித்துத் துல்லியம், அதாவது சரியாக வகைப்படுத்தியவற்றின் பங்கு, 98.67 சதவீதம் என்ற எண்ணும், அதன்கீழ் ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரி, எத்தனை தவறு என்று காட்டும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்ற கட்டப் படமும் தோன்றின. அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துபோய் மீதிப் பணத்தையும் அன்றே கட்டிவிட்டோம்.

வைவாவில் தேர்வாளர் கடினமாக எதையும் கேட்கவில்லை. பயிற்சியில் காட்டாமல் சோதனைக்கு என்று எத்தனை கட்டிகளை ஒதுக்கினீர்கள் என்றார். இருபது சதவீதம், அதாவது 114 என்றேன். அவர் அறிக்கையின் ஓரத்திலேயே பென்சிலால் வகுத்துப் பார்த்துவிட்டு, "114இல் ஒன்று தவறினால் 99.12 வரும், இரண்டு தவறினால் 98.25 வரும். இரண்டுக்கும் நடுவில் வேறு எண் வருவதற்கு வழியே இல்லை. உங்களுக்கு 98.67 எப்படி வந்தது?" என்று கேட்டார். மூவரில் ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை. நிரலைத் திறக்கச் சொன்னார். வகைப்படுத்தும் கணித மாதிரிக்கு (மாடல்) பயிற்சி தரும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போடப்பட்டிருந்தது. அதாவது அந்த வரி ஓடவே இல்லை. அதற்குக் கீழே ஆறு நொடி காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் கட்டளையும், அதற்கு அடுத்த வரியில் 98.67 என்ற எண்ணை அப்படியே அச்சிடும் பிரிண்ட் கட்டளையும் இருந்தன. கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்று நாங்கள் நம்பியது, கோப்புறையில் முன்பே வைத்திருந்த ஒரு படம்.

அறிக்கையின் நிலையும் அதுதான். படங்களை 224க்கு 224 பிக்சல் அளவுக்குச் சுருக்கி நரம்பியல் வலையமைப்புக்குக் கொடுத்ததாக நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தது. எங்கள் தரவில் படமே கிடையாது. இருந்தவை எண்கள் மட்டுமே. வேறு யாருடைய அறிக்கையையோ எடுத்துத் தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறையாவது நாங்கள் முழுவதும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

அன்றிரவு கோப்புறையை அலசினேன். நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்பதைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளின் மறைந்திருந்த கோப்புறையை அவர்கள் அழிக்க மறந்திருந்தார்கள். கிட் லாக் கட்டளையைக் கொடுத்ததும், நாங்கள் பணம் கட்டுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமில்லாத ஒருவர் அந்த நிரலை எழுதி முடித்திருந்தது தெரிந்தது. கிட் ஸ்டேட்டஸ் கட்டளை, லைசென்ஸ் என்ற கோப்பு நீக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. மீட்டெடுத்துப் பார்த்தேன்: எம்ஐடி உரிமம். அந்த உரிமத்தின்படி யாரும் அந்த நிரலை இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவரின் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்த ஒன்றைத்தான் அவர்கள் நீக்கியிருந்தார்கள். எழுதியவரின் அசல் நிரலில் பயிற்சி ஒழுங்காகவே நடந்தது. ஸ்லீப் கட்டளையும் பொய்யான எண்ணும் பின்னால் சேர்க்கப்பட்டவை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வைவாவில் பேசத் தெரியாதது உங்கள் குறை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததை அதன்பிறகுதான் கவனித்தோம்.

ஏற்கெனவே ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டவர்கள் மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் நிரலை உங்கள் கணினியில், உங்கள் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். சோதனைத் தரவின் பங்கை இருபதிலிருந்து முப்பது சதவீதமாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கடைசிப் புள்ளிவரை அதே விடை வந்தால் அங்கே எதுவும் கணக்கிடப்படவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும். துல்லியம் என்ற ஒற்றை எண்ணில் மயங்கவும் வேண்டாம். இந்தத் தொகுப்பில் 357 கட்டிகள் தீங்கற்றவை, 212 புற்றுநோய் உள்ளவை; எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் தீங்கற்றது என்று சொல்லும் நிரலுக்கும் 62.7 சதவீதம் கிடைத்துவிடும், ஆனால் அது ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடித்திருக்காது.

தேர்வாளர் எங்கள் மீது முறைகேடு என்று எழுதாமல், மூன்று வாரத்தில் மதிப்பெண் குறைப்போடு மறுபடி சமர்ப்பிக்க அனுமதித்தார். அந்தப் பெருந்தன்மைக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த மூன்று வாரமும் நாங்களே உட்கார்ந்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய வகைப்படுத்தும் முறையில் எழுதினோம். 114இல் 110 சரியாக வந்தது, அதாவது 96.49 சதவீதம். தவறிய நான்கில் இரண்டு, புற்றுநோய் இருந்தும் இல்லை என்று எங்கள் நிரல் சொன்னவை. இரண்டாவது வைவாவில் தேர்வாளர் அந்த இரண்டைப் பற்றி மட்டுமே இருபது நிமிடம் கேட்டார். இந்த முறை எங்களால் பதில் சொல்ல முடிந்தது.