உரிமத்தோடு அச்சிடுவதா, மறைவாக அச்சிடுவதா: எலிசபெத் கால இங்கிலாந்தின் இரு வழிகள்

1586இல் ஸ்டார் சேம்பர் என்ற அரச ஆலோசகர்களின் நீதிமன்றம் ஓர் ஆணையால் அச்சகங்களை இறுக்கிக் கட்டுப்படுத்திய பின், நூல் வெளியிட விரும்பியவருக்கு எந்த வழி ஏற்றது என்று வரலாற்று மாணவர்கள் கேட்பதால், இரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

செலவு
உரிம வழி: லண்டன் அச்சகத்தார், நூல் விற்போரின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் பதியப் பெரும்பாலும் 6 பென்ஸ்.
மறைவு வழி: 1588-89இல், ‘மார்ட்டின் மார்ப்ரிலேட்’ என்ற புனைபெயரில் ஆயர்களைச் சாடிய துண்டுநூல்களை அச்சிட்டவர்கள் அச்சுப்பொறியை ஊர் ஊராக மாற்றி அலைந்து, இறுதியில் மான்செஸ்டர் அருகே பிடிபட்டனர்.

பாதுகாப்பு
உரிம வழி: பதிந்தவருக்கே அச்சிடும் உரிமை.
மறைவு வழி: உயிரே பணயம். 1586 ஆணைக்கு முன்பே, 1584இல், கத்தோலிக்க நூலை அச்சிட்ட வில்லியம் கார்ட்டர் தூக்கிலிடப்பட்டார்.

கருத்துச் சுதந்திரம்
கான்டர்பரி பேராயரும் லண்டன் ஆயருமே நூல்களுக்கு அனுமதி வழங்கினர் என்பதால், அவர்களையே விமர்சிக்கும் கையெழுத்துப்படி உரிம வழியில் கடந்துவர வாய்ப்பே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மறைவு அச்சகத்தாரின் துணிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மருத்துவக் கையேடோ கதைப்பாடலோ வெளியிடுபவருக்கு உரிம வழியே பொருந்தும். திருச்சபை அதிகாரத்தைக் கேள்வி கேட்பவருக்கு மறைவு அச்சகமோ கடல்கடந்த அச்சகமோதான் வழி.