ஸ்னைட்லி விப்லாஷா, டிக் டாஸ்டர்ட்லியா?

இருவரும் பழைய அமெரிக்கக் கார்ட்டூன் வில்லன்கள். இருவருக்கும் முறுக்கிய மீசை, கோணல் சிரிப்பு. ஆனால் தோற்கும் விதம் வேறு.

ஸ்னைட்லி, 1961-இல் தொடங்கிய டட்லி டூ-ரைட் கார்ட்டூனின் வில்லன்; குரல் ஹான்ஸ் கான்ரீட். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. வேலை ஒன்றுதான்: பெண்களைத் தண்டவாளத்தில் கட்டுவது. காரணமே சொல்ல மாட்டார், சிரிப்பும் அதில்தான். மெலோடிராமா எனப்படும் 19-ஆம் நூற்றாண்டு மிகையுணர்ச்சி மேடை நாடகத்தின் நேரடிக் கேலி இது. (1867-இல் நியூயார்க்கில் இந்தக் காட்சியைப் பிரபலமாக்கிய நாடகத்தில் கட்டப்பட்டவர் ஆண், மீட்டவர் பெண்!) ஸ்னைட்லியைத் தோற்கடிக்க அசட்டுப் போலீஸ்கார டட்லி வேண்டும்.

டாஸ்டர்ட்லிக்கு எதிரியே வேண்டாம். 1968-இல் வந்த வாக்கி ரேசஸ் என்ற கார் பந்தயக் கார்ட்டூனில் 11 வண்டிகள், 34 பந்தயங்கள். இவருடைய 00 எண் வண்டி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. வண்டியில் கோளாறில்லை. அவர் பெரும்பாலும் முன்னால்தான் போவார். பிறகு நிறுத்துவார், இறங்குவார், பொறி வைப்பார். அது அவர் மேலேயே வெடிக்கும், மற்றவர்கள் கடந்துவிடுவார்கள். பேசாமல் ஓட்டியிருந்தால் பரிசு அவருக்கே. கெடுவான் கேடு நினைப்பான் என்பதை இயந்திரத்தில் பூட்டிய மாதிரி. பக்கத்தில் மட்லி நாய், மூச்சிரைக்க, தோளைக் குலுக்கிச் சிரிக்கும். முதலாளி விழுந்ததும் நாம் சிரிக்கவேண்டிய நொடியை அதுதான் குறித்துக் கொடுக்கிறது. ஸ்னைட்லிக்கு அப்படியொரு துணை அமையவில்லை.

மெலோடிராமா நையாண்டி பிடிக்குமென்றால் ஸ்னைட்லி. திரும்பத் திரும்பப் பார்க்க டாஸ்டர்ட்லிதான்.