காஸ்ட்யூம் டிபார்ட்மெண்ட்ல வேலைன்னு யாராவது காசு கேட்டா உஷார் (டர்பன் மக்களுக்கு)

தென்னாப்பிரிக்காவுல டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தையல் தெரிஞ்ச அக்கா தங்கச்சிங்க எல்லாரும் இதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. சினிமாவுல காஸ்ட்யூம் அசிஸ்டெண்ட் வேலைன்னு சொல்லி எங்ககிட்ட ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 850 ராண்ட், செட்டுக்கு எடுத்துட்டுப் போற கிட்டுக்கு 1,200 ராண்ட்னு வாங்கிட்டு, அது போதாதுன்னு வாரக்கணக்குல ஓசியில தைக்கவும் வெச்சுட்டுக் கம்பி நீட்டிட்டாங்க.

அவங்க சொன்ன கதை அப்படி. 1860 நவம்பர் 16ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க கரும்புத் தோட்ட வேலைக்கு இங்க வந்து இறங்கினாங்கல்ல, அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வெப் சீரிஸா எடுக்குதாம், அந்தக் காலத்து சேலை வேட்டி தெரிஞ்ச தமிழ் பொம்பளைங்கதான் வேணுமாம். என் வீட்டுக்காரர் குடும்பமே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வழிதான், எங்க மாமியாரே "நம்ம கதை, நீ போம்மா"ன்னு அனுப்பி வெச்சாங்க.

ஒரு ஹால்ல மெஷினைப் போட்டு வேலை. சூப்பர்வைசர்னு ஒரு அம்மா, தொழில் தெரிஞ்ச மாதிரிதான் பேசுவாங்க. புதுத் துணியைப் பழசாக்கணும்னு டீத்தண்ணியில முக்கச் சொன்னாங்க, சேலை ஓரத்தை சீஸ் துருவியில தேய்க்கணும், வேட்டிக்கு சாண்ட்பேப்பர். இதெல்லாம் நெஜமாவே சினிமாவுல பண்றதுதான், அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல. ஆனா குடுத்த துணி பூரா பாலியஸ்டர்! பாலியஸ்டர்ல டீ எங்க ஏறும், எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் சேலை அப்படியே பளபளன்னு வந்து நிக்குது, என் விரல்தான் பழுப்பாச்சு. பாவாடைக்கு சைடுல ஜிப் வேற. 1860ல கப்பல்ல வந்தவங்களுக்கு ஜிப் ஏதும்மான்னு கேட்டா "கேமராவுல தெரியாது"ன்னு பதில்.

கேப் டவுன்ல செட்ல காஸ்ட்யூம் ஸ்டேண்ட்பையா, அதாவது ஷூட்டிங் நடக்கும்போது நடிகருங்க டிரெஸ்ஸைப் பார்த்துக்கிற வேலையில இருக்கிற எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி கிட்ட போன்ல இதைச் சொன்னேன். "அக்கா, துணியில கேரக்டர் பேர், சீன் நம்பர் டேக் இருக்கா? நடிக்கிறவங்க அளவு குடுத்தாங்களா? ஃபிட்டிங் எடுத்தாங்களா?"ன்னு வரிசையா கேட்டா. ஒண்ணுமே இல்ல, எங்களுக்குக் குடுத்தது ஸ்மால், மீடியம், லார்ஜ் அவ்ளோதான். அளவே இல்லாம நடிகருக்கு யாருக்கா தைப்பாங்க, அது கடைச் சரக்குன்னு பட்டுனு சொல்லிட்டா. கிட் விஷயம் கேட்டு இன்னும் சிரிச்சா. ஊக்கு, ஊசி நூல், டேப், ஸ்டீமர்னு நம்ம சொந்தக் கிட்டைக் கொண்டுபோனா அதுக்குக் கம்பெனிதான் நமக்கு வாடகை தருமாம்.

சம்பளம் கேட்டப்ப சொன்ன சாக்குதான் டாப்பு. அரசாங்க ரிபேட் (படம் எடுத்த செலவுல அரசாங்கம் திருப்பித் தர்ற பங்கு) வரல, அதான் லேட்டாகுதுன்னாங்க. ரிபேட் பிரச்சனை உண்மைதான், 2025 ஜனவரியில அதுக்காக கேப் டவுன்ல சினிமா ஆளுங்க பார்லிமெண்ட் முன்னாடி போராட்டமே பண்ணாங்க. ஆனா அது படம் எடுத்த கம்பெனி செலவுக் கணக்குக் காட்டி வாங்குற காசு, ஒரு ஷாட் கூட எடுக்காத ஆளுக்கு எதுக்கு ரிபேட்? பேப்பர்ல வந்த செய்தியை வெச்சே நம்மளை மடக்குறாங்க பாருங்க, நல்லா வருவாங்க.

அப்புறம் ஹால் பூட்டு, நம்பர் ஆஃப். நவம்பர்ல பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல்ல 1860 ப்ரோக்ராம்னு அவங்க அம்மா வாடகை டிரெஸ் எடுத்துட்டு வந்து, இடுப்புல லூசா இருக்கு கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கன்னு எங்கிட்ட நீட்டுறாங்க. ஜிப்பாவைத் திருப்பினா, கழுத்துப் பட்டன் பின்னாடி நான் எப்பவும் வெச்சுத் தைக்கிற குட்டித் துணிப்பட்டி! அந்த ஹால்ல நான் தைச்சதேதான். ஒரு நாளைக்கு 150 ராண்ட் வாடகையாம். சீரிஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வாடகைக் கடைக்கு ஸ்டாக் தைக்கத்தான் எங்களை உக்கார வெச்சிருக்காங்க, துணிக்கான காசும் எங்ககிட்ட வாங்கின ரெஜிஸ்ட்ரேஷன் பணமாத்தான் இருக்கும்.

வேலை வாங்கித் தர்றேன்னு வேலை தேடுறவங்க கிட்ட காசு வாங்குறதே இந்த நாட்டுல சட்டப்படி தப்பு, எம்ப்ளாய்மெண்ட் சர்வீசஸ் ஆக்ட், 2014, செக்‌ஷன் 15. எங்களுக்கு லேபர் ஆபீஸ்ல போய்க் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. நெஜ வேலைன்னா முதல்ல ரேட் போட்ட டீல் மெமோ, அதாவது வேலை ஒப்பந்தப் பேப்பர் கையில வரும், ஷூட்டிங் தொடங்கினா முந்தின நாளே கால் ஷீட் வரும், அதுல கம்பெனி பேர், லொகேஷன், எத்தனை மணிக்கு வரணும் எல்லாம் இருக்கும். டிரையல்னு அரை நாள் தைச்சுக் காட்டச் சொன்னா சரி, மூட்டை மூட்டையா தைக்கச் சொன்னா எழுந்து வந்துடுங்க.

நாங்க சில பேர் சேர்ந்து லேபர் ஆபீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கோம், போலீஸ் கேஸ் நம்பரும் வாங்கியாச்சு. அந்த ஹாலுக்கு வந்து தைச்ச வேற யாராவது இருந்தா பணம் அனுப்பின ஸ்லிப், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காம எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, உங்க பேரையும் சேர்த்துக் குடுக்கிறோம்.