பழைய பிக்கப்புக்கு ஆயில் மாற்றும்போது பணத்தை எங்கே போடுவது?

நீலகிரி மலையிலுள்ள கேத்தி பாலாடாவிலிருந்து அடிவார மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்குவதற்காக, 2,60,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். விற்றவர் ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். தேன் நிறத்தில் புது ஆயில். மற்ற ஆயில்களை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, பில்லும் இல்லை. அந்த வாரமே பின்பக்கக் கிரவுன், அதாவது பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியின் அடி நட்டைக் கழற்றினோம். ஆயில் என்று சொல்ல முடியாத கரிய கூழ் வடிந்தது. நட்டின் முனையில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மீசைபோல் சிலிர்த்து நின்றது.

பழைய வண்டிக்கு எந்த ஆயில் நல்லது என்று யாரிடம் கேட்டாலும் பேச்சு இன்ஜினோடு நின்றுவிடுகிறது. இரண்டரை லட்சம் தாண்டிய வண்டியில் ஓரளவாவது கவனிக்கப்பட்டிருப்பது இன்ஜின் ஆயில் ஒன்றுதான். பிரேக், கிரவுன், கியர், ரேடியேட்டர் நான்கையும் பல வருடங்களாக யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். என் கணக்கில் கைக்காசு முதலில் அங்கேதான் போக வேண்டும். ஆனாலும் எல்லோரும் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்ஜின்: 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50, சிந்தெடிக்

இந்தப் பெயர்களில் முதல் எண் குளிரிலும் அடுத்த எண் சூட்டிலும் ஆயிலின் தடிமனைக் குறிக்கும். தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்ற வேண்டும் என்பது பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜின் சூடான பிறகு 50 எண் ஆயில் 40-ஐவிடத் தடிமனாக நிற்கும், ஆயில் பிரஷர் சற்று ஏறும். ஆனால் மலைக்காட்டுக் குளிரில் விடிகாலை ஸ்டார்ட் செய்யும்போது அதே தடிமனால் டர்போ பேரிங்கை ஆயில் எட்டத் தாமதமாகும். ஆயில் குடிக்காத இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 தேவையில்லை. குடிக்கிற இன்ஜினுக்கோ அது நோயை மறைத்து வைக்கும். வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா, டர்போவா என்று பார்க்க வேண்டிய வேலை தள்ளிப்போகும்.

முழு சிந்தெடிக் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. சூட்டைத் தாங்கும், நாள்பட உழைக்கும். ஆனால் வரலாறு தெரியாத இன்ஜினில் முதல் இரண்டு மூன்று மாற்றங்களை 2,000, 3,000 கிலோமீட்டரிலேயே செய்துவிடுவது நல்லது. படிந்த கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேற அதுவே பத்திரமான வழி. அவ்வளவு சீக்கிரம் கொட்டப்போகிற ஆயிலுக்குச் சிந்தெடிக் விலை கொடுப்பது வீண். என் வண்டிக்குக் கையேடு சொல்லும் 15டபிள்யூ-40 மினரல் (சிந்தெடிக் அல்லாத சாதாரண ஆயில்), டீசல் ஆயிலுக்கான சிஐ-4 தரம், ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர். டிபிஎஃப் புகைவடிகட்டி உள்ள பிஎஸ்-6 வண்டி என்றால் கதை வேறு. அதற்குச் சாம்பல் குறைந்த சிகே-4 போன்ற ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

கசடை ஒரே நாளில் கழுவிவிடும் என்று ஃபிளஷ் திரவம் விற்கிறார்கள். ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு அது தேவைப்படாது. பராமரிப்பே தெரியாத வண்டிக்கு அது ஆபத்து. கட்டியாகப் பெயர்ந்த கசடு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள் இருக்கும் சல்லடையை அடைத்தால் ஆயில் பம்ப் உறிஞ்ச வழியில்லாமல் பேரிங் போய்விடும். நான் தொடமாட்டேன். இன்னொன்று, டீசல் இன்ஜினில் புது ஆயில் ஓரிரு நாளில் கறுப்பாகிவிடும். கரித்துகளை ஆயில் தன்னுள் வாங்கிக்கொள்வதால் வருகிற நிறம் அது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பால் கலந்ததுபோல் வெளுத்தால்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

கியரும் கிரவுனும்: ஒரே டின்னா, தனித்தனியா

பல இடங்களில் ‘90 ஆயில்’ என்று ஒரே டின்னைத் திறந்து கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். டின்னில் 80டபிள்யூ-90 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று கியர் ஆயிலின் தர எண் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

கிரவுனில் பினியன் பல்சக்கரம் கிரவுன் வீலின் நடுக்கோட்டில் சேராமல் சற்று விலகிச் சேர்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் நிறையச் சேர்த்த ஜிஎல்-5 வேண்டும். கியர்பாக்ஸ் நிலைமை வேறு. அங்கே சின்க்ரோ ரிங்குகள் பித்தளை. கியர் விழுவதற்கு முன் அந்த வளையம் கூம்பை இறுகப் பற்றி வேகத்தைச் சமன்செய்ய வேண்டும். ஜிஎல்-5 வழுக்கலில் அந்தப் பிடி தளர்ந்து, இரண்டாம் கியர் கரகரவென்று விழும். சில ஜிஎல்-5 ஆயில்களின் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். இப்போது வரும் ஜிஎல்-5 பித்தளைக்குக் கெடுதல் செய்யாது என்று சொல்பவர்கள் உண்டு. சில சரக்குகளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். பிடி தளரும் சிக்கல் அதனால் தீர்வதில்லையே.

ஆக, கையேட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படி. என் வண்டிக்குக் கியரில் ஜிஎல்-4, கிரவுனில் ஜிஎல்-5. இரண்டு டின் வாங்குவதால் கூடுகிற செலவு ஒரு நடை வாடகைக்கும் வராது. கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஆயில் ஊற்றும் மேல் நட்டை முதலில் கழற்றுங்கள். ஒரு பட்டறையில் கீழ் நட்டைத் திறந்து என் கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டார்கள். பிறகு மேல் நட்டைத் திருகினால் துருப்பிடித்து இறுகியிருந்தது, ஸ்பேனர் வழுக்கி முனைகளும் மழுங்கிவிட்டன. உள்ளே சொட்டு ஆயில் இல்லாமல் வண்டி இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிரேக்: டாட் 3, டாட் 4

குன்னூரிலிருந்து கல்லாறுவரை பாரத்தோடு இறங்குகிறவனுக்கு இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரியிலும் டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் அழுத்தி வந்தால், ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

கையேடு டாட் 3 போதும் என்றாலும் மலைப்பாதைக்கு நான் டாட் 4 ஊற்றுவேன். இரண்டும் கிளைக்கால் வகை, கலந்தாலும் கெடாது. சிலிக்கோனால் ஆன டாட் 5 மட்டும் இதில் சேரவே கூடாது. அதைவிட முக்கியமானது, டப்பாவில் குறைந்ததை மட்டும் நிரப்பிவிட்டு முடிந்தது என்று நினைக்காமல் நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றுவது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், அப்போது ஊற்றுவது டாட் 3 என்றாலும், ஐந்து வருடம் பழகிய டாட் 4-ஐவிடப் பாதுகாப்பு.

பழைய வண்டியில் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெடல் மிதியைக் குழாய்களுக்கு அழுத்தமாக அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில், வழக்கமாகப் பாதி தூரம் மட்டுமே போய்ப் பழகிய ரப்பர், குழாயிலுள்ள காற்றை எடுக்கும்போது பெடலை அடிவரை மிதித்தால் துரு படிந்த பகுதியில் உரசிக் கிழியும். எங்கள் மெக்கானிக் அண்ணன் பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை ஒன்றை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொன்னார். அதோடு, சக்கரங்களில் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிள்களுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தார். நான்கில் ஒன்றுகூட உடையவில்லை.

ரேடியேட்டர்: தண்ணீரா, கூலண்டா

நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். கூலண்ட் துருவையும் உப்புப் படிவதையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரின் குழல்களில் கெண்டிக்குள் படிவதுபோல் சுண்ணாம்பு படிந்திருக்கும். அடர் கூலண்ட் வாங்கி டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலப்பது ஒரு வழி, கலந்தே வருவதை வாங்குவது இன்னொரு வழி. அளவு தவறாது என்பதால் கலந்தே வருவதை நான் விரும்புகிறேன். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது. வகை மாறிக் கலந்தால் கூலண்டுகளில் உள்ள துருத்தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று முறித்துச் சில சமயம் கூழாகிவிடும்.

சூடு ஏறுகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். புது வால்வைப் போட்ட பிறகுதான் கூலண்ட் ஊற்றினேன். பழைய படிவு கரைந்ததும் ரேடியேட்டரின் அடியில் ஊசித்துளை ஒழுக்கு ஒன்று தெரிந்தது. அது கூலண்டின் குற்றம் இல்லை, ஏற்கெனவே அரித்த இடத்தைப் படிவு மூடி வைத்திருந்தது.

பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவில் உள்ளதை சிரிஞ்சால் உறிஞ்சிப் புதிதை ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, இன்னும் இரண்டு முறை அதையே செய்தேன். வடித்த ஆயிலையெல்லாம் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிட்டேன். மலையில் மண்ணில் கொட்டினால் அது ஓடைக்குத்தான் போகும்.

24,000 கிலோமீட்டர் கழித்துப் போன மாதம் கிரவுன் நட்டை மறுபடி திறந்து பார்த்தோம். ஆயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. காந்தத்தைத் துடைத்தபோது விரல் நுனியில் கண்மை அளவுக்குச் சாம்பல் நிறப் பசை ஒட்டியது. சில்லு ஒன்றுகூட இல்லை. செப்பு வாஷரை மட்டும் மாற்றி நட்டை இறுக்கினோம்.